என் மென்பொருளுக்கு ஆள் சேரவில்லை. வருகிறவர்களிடம் முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்கலாமா?

வாசகருக்கு வயது 44. ஊர் கோவை. அவருடைய பெயர், வேலை பார்க்கும் நிறுவனம், மென்பொருளின் பெயர் மூன்றையும் எடுத்துவிட்டேன். நான்கு பக்கக் கடிதத்தின் சாரம் இது:

அவருடைய அப்பா அச்சகம் வைத்திருந்தவர். பாமினி, டாம், டாப், திஸ்கி என்று பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த இருபது வருடத்துக் கோப்புகள் சிடிக்களில் கிடந்தன. அவற்றை இன்றைய பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடுக்கு மாற்றுவதற்காகப் பதினோரு வருடத்துக்கு முன் அவர் ஒரு சிறிய மென்பொருள் எழுதினார். எழுதியதை கிட்ஹப் என்ற நிரல் பகிரும் தளத்தில் எல்லோருக்கும் தெரியும்படி போட்டுவைத்தார். இன்று அச்சகங்களும் சிறு பதிப்பகங்களும் ஒரு கோயில் அலுவலகமும் அதை வைத்து வேலை பார்க்கின்றன. நடுவில் இரண்டு பேர் கூட நின்று உதவினார்கள். ஒருவர் வெளிநாடு போய்விட்டார், இன்னொருவர் வேலை மாறியதும் காணாமல் போனார். மூன்று வருடமாக இவர் தனியாள்.

புதியவர்களைச் சேர்க்க அவர் சும்மா இருக்கவில்லை. இரண்டு பொறியியல் கல்லூரிகளில் பேசினார். 83 மாணவர்கள் வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தார்கள். ஒரு வரி நிரல்கூட வரவில்லை. புதியவர்களை மென்பொருள்களுக்குத் திருத்தம் அனுப்பவைக்கும் அக்டோபர் விழாவான ஹேக்டோபர்ஃபெஸ்ட்டில் மென்பொருளைச் சேர்த்தார். மூன்று நாளில் அறுபது புல் ரிக்வெஸ்ட்கள் ('என் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்' என்ற விண்ணப்பங்கள்) வந்தன. பாதிக்கு மேல் ரீட்மீ என்ற வழிகாட்டிக் கோப்பில் ஒரு இடைவெளியைச் சேர்த்தவை அல்லது தன் பெயரை எழுதிவைத்தவை. 'குப்பை அனுப்பாதீர்கள்' என்று ஒரே பதிலை எல்லோருக்கும் ஒட்டிவிட்டு மூடினார். ஒரு கல்லூரி மாணவி மட்டும் உருப்படியான பேட்ச் (நிரல் திருத்தம்) ஒன்று அனுப்பினார். 24 நாள் கழித்து 17 திருத்தங்களோடு இவர் பதில் போட்டார். அந்தப் பெண் திரும்பி வரவில்லை. அடுத்த வாரமே அதை இவரே எழுதி முடித்தார்.

இப்போது இரண்டு பேர் வாசலில் நிற்கிறார்கள். ஒருவர் பெரிய ஐடி நிறுவனத்தில் வேலை பார்க்கிறவர். 'கம்பெனி பிரச்சினை செய்யுமோ' என்று தயங்குகிறார். இன்னொருவர் புனைபெயரில் நாலு மாதமாக நன்றாக உழைக்கிறார். புதிய பதிப்பை வெளியிடும் உரிமையையும் தனக்குத் தரச் சொல்கிறார். கொடுத்துவிட்டு ஒதுங்கலாமா என்று வாசகர் கேட்கிறார். 'வருகிறவர்களிடம் எல்லா உரிமையையும் எழுதி வாங்கு' என்று நண்பர் ஒருவர் முத்திரைத்தாள் யோசனை சொல்லியிருக்கிறார். கடைசி வரி: 'இந்தத் தலைமுறைக்குப் பொறுமை இல்லை சார். காசு இல்லாமல் எவன் வருவான்?'

அன்புள்ள வாசகருக்கு,

கடிதத்தை முதல் தடவை படித்தபோது ஆள் கிடைக்காத கதையாகத்தான் தெரிந்தது. இரண்டாவது தடவை பென்சிலை வைத்துக்கொண்டு எண்ணினேன். பழைய உதவியாளர்கள் இருவர், அந்த மாணவி, ஐடி நிறுவனக்காரர், புனைபெயர்க்காரர். அப்புறம் மூன்றாம் பக்கத்தில் 'தொல்லை' என்று நீங்கள் குறிப்பிடும் சிவகாசி டிடிபி ஆபரேட்டர். எந்தச் சொல் தப்பாக மாறுகிறது என்று மாதம் ஒரு முறை மாதிரிக் கோப்போடு எழுதுகிறவர். மொத்தம் ஆறு பேர். இந்த ஆறு பேரில் ஒருவரைக்கூட நீங்கள் கூப்பிடவில்லை. நீங்கள் கூப்பிட்ட 83 பேரில் ஒருவர்கூட வரவில்லை.

இதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. 1991 ஆகஸ்டில் ஹெல்சின்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், தான் பொழுதுபோக்காக ஓர் இயங்குதளம் (அதுதான் லினக்ஸ்) எழுதிவருவதாக அறிவித்தபோது, தங்கள் கணினியில் அதை ஓட்டிப் பார்த்துத் தடுக்கி விழுந்தவர்கள்தான் முதலில் திருத்தம் அனுப்பினார்கள். உங்கள் பழைய உதவியாளர்களில் ஒருவருக்கு வீட்டில் அச்சகம் இருந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த மாணவி, நூலகத்துக்காகப் பழைய மலர்களை மின்னாக்கம் செய்யும் வேலையில் இருந்தவர். அரிப்பு இருக்கிறவர்தான் சொறிவார். கல்லூரி அரங்கில் கை தூக்கியவர்களுக்குப் பாமினி என்றால் என்னவென்றே தெரிந்திருக்காது.

ஆகவே கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கொள்வோம். தானாக வந்தவர்கள் ஏன் நிற்கவில்லை? அதற்கு முன்னால் சட்டச் சிக்கல் ஒன்று இருக்கிறது. நீங்கள் கேட்காத கேள்வி அது, ஆனால் அதைச் சரிசெய்யாமல் மற்றது எதைப் பேசியும் பயனில்லை.

உங்கள் மென்பொருள் இன்னும் திறமூலமே ஆகவில்லை

நீங்கள் கொடுத்த முகவரியில் போய்ப் பார்த்தேன். லைசென்ஸ் (உரிமம்) கோப்பு இல்லை. 'எல்லோருக்கும் தெரியும்படி போட்டுவிட்டேன், அதனால் ஓப்பன் சோர்ஸ்' என்று நினைத்திருக்கிறீர்கள். திறமூலம் என்றால் யாரும் எடுத்து, மாற்றி, வெளியிட அனுமதி உண்டு என்று பொருள். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. நம்முடைய 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தில் கணினி நிரல் என்பது இலக்கியப் படைப்பு என்ற வரையறைக்குள் வருகிறது. எழுதிய நிமிடமே உரிமை எழுதியவருக்கு; பதிவு செய்யத் தேவையில்லை. அனுமதி கொடுக்காதவரை எல்லா உரிமையும் அவரிடமே தங்கும். கிட்ஹப்பில் பொதுவில் போட்டால் அந்தத் தளத்துக்குள் மற்றவர்கள் பார்க்கலாம், ஃபோர்க் செய்யலாம், அதாவது தங்களுக்கு ஒரு பிரதி எடுத்துக்கொள்ளலாம். அதைத் தாண்டி எடுத்து மாற்றி வெளியிட யாருக்கும் உரிமை இல்லை. விவரம் தெரிந்த புரோகிராமர் லைசென்ஸ் இல்லாத ரெப்போவை (நிரல் கிடங்கை) பார்த்தால் சத்தமில்லாமல் நகர்ந்துவிடுவார். எத்தனை பேர் அப்படி நகர்ந்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியவே வராது.

இன்னொரு முடிச்சும் உண்டு. அந்தப் பழைய உதவியாளர்கள் இருவரும் எழுதிய பகுதிகளின் உரிமை அவர்களுடையது. இன்று நீங்கள் தனியாக உட்கார்ந்து ஒரு லைசென்ஸை ஒட்டினால் அது உங்கள் வரிகளை மட்டும்தான் கட்டும். இருவருக்கும் மின்னஞ்சல் போடுங்கள்: 'இந்த மென்பொருளை இன்ன உரிமத்தில் வெளியிடுகிறேன், நீங்கள் எழுதிய பகுதிகளுக்கும் அது பொருந்தச் சம்மதமா?' என்று கேளுங்கள். 'சம்மதம்' என்று வரும் பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். இருவர் மட்டும்தான் என்பதால் தப்பித்தீர்கள். இருநூறு பேர் எழுதிய பிறகு உரிமம் மாற்றப் புறப்பட்டவர்கள் பட்ட பாடு பெரும்பாடு.

எந்த உரிமம்? மற்ற மென்பொருள்காரர்களும் இதைத் தங்கள் பொருளுக்குள் வைத்துக்கொள்ளட்டும், கேள்வி கேட்க மாட்டேன் என்றால் எம்ஐடி. மாற்றி வெளியிடுகிறவர் தன் நிரலையும் திறந்து காட்ட வேண்டும் என்றால் ஜிபிஎல். எனக்கென்னவோ, பழைய கோப்புகளை மீட்கும் கருவி எத்தனை இடத்தில் போய் ஒட்டிக்கொள்கிறதோ அத்தனை நல்லது என்று தோன்றுகிறது. முடிவு உங்களுடையது. சொந்தமாக மட்டும் ஓர் உரிமம் எழுதப் பார்க்காதீர்கள். அப்படி எழுதியவற்றைப் படித்துச் சண்டை தீர்ப்பதில்தான் வழக்கறிஞர்களான எங்கள் பிழைப்பு ஓடுகிறது.

அப்படியே சோதனைக்கான அடைவில் ஏழு எழுத்துருக் கோப்புகள் கிடக்கின்றன. இரண்டின் உள்ளேயே 'விற்பனைக்குரியது' என்ற குறிப்பு இருக்கிறது. எழுத்துருக் கோப்பும் பதிப்புரிமைக்கு உட்பட்டதுதான். குறிகளை மாற்றும் சோதனைக்கு எழுத்துரு தேவையே இல்லை. எடுத்துவிடுங்கள்.

வாசல்படி

வழக்கறிஞர் ஆவதற்கு முன் ஆறு வருடம் புரோகிராமராகக் குப்பை கொட்டியவன் நான். பழைய வாசம் விடவில்லை. என் ஜூனியரை உட்காரவைத்து, உங்கள் ரீட்மீயில் இருப்பதை மட்டும் படித்து மென்பொருளை ஓடவைக்கச் சொன்னேன். நான் வாய் திறக்கவில்லை. முதல் வரியிலேயே பைத்தான் நிரல்மொழியின் பழைய பதிப்பான 2.7-ஐக் கேட்டது. அதற்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ம் தேதியோடு முடிந்துபோனது. தேடிப் பிடித்து நிறுவினார். மூன்றாவது படியில் ஓர் அடைவின் முகவரி வந்தது. 'டி' டிரைவ், அதற்குள் 'அப்பா', அதற்குள் 'பிரஸ்'. உங்கள் வீட்டுக் கணினி அது! எங்கள் மடிக்கணினியில் அப்பாவும் இல்லை, பிரஸ்ஸும் இல்லை. மென்பொருள் முதன்முதலாக ஒரு வார்த்தையை மாற்றிக் காட்டியபோது ஒரு மணி ஐம்பது நிமிடம் ஆகியிருந்தது. சம்பளம் வாங்குகிறவர் என்பதால் அவர் உட்கார்ந்திருந்தார்.

புதியவர் ஒருவர் ஒரு சனிக்கிழமை மாலையை உங்களுக்கு ஒதுக்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மாலை முழுவதும் நிறுவுவதிலேயே போனால் ஞாயிற்றுக்கிழமை அவர் வர மாட்டார். நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை புதிதாக எதையும் எழுதுவது இல்லை. வேறு யாராவது ஒருவருடைய கணினியில், அவர் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்து, எங்கே தடுக்குகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். இருபது நிமிடத்துக்குள் ஓடும்வரை ரீட்மீயைத் திருத்துங்கள். தமிழிலேயே எழுதுங்கள். தமிழ் எழுத்துகளைப் பற்றிய மென்பொருளுக்கு ஆங்கிலத்தில் மட்டும் வழிகாட்டி இருப்பது எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது.

அந்த 24 நாள்

மாணவி அனுப்பிய பேட்சையும் பார்த்தேன். வாசகர்களுக்காக விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் 'கௌ' என்று அடிக்க முதலில் கொம்பு, பிறகு 'க', கடைசியில் 'ள' வடிவம் என்று மூன்று குறிகள். யூனிகோடுக்கு மாற்றும்போது மென்பொருள் அந்த 'ள'வைப் பார்த்துக் குழம்பும்: இது ஔகாரத்தின் வாலா, நிஜமான ளகரமா? எல்லாவற்றையும் ஔகாரமாக எடுத்துக்கொண்டால் 'கௌரவம்', 'பௌர்ணமி' எல்லாம் சரியாக வரும். ஆனால் 'வெள்ளி' என்பது 'வௌ்ளி' ஆகும், 'தெளிவு' என்பது 'தௌிவு' ஆகும். நீங்கள் இதற்கு ஒரு விதிவிலக்குப் பட்டியல் வைத்திருந்தீர்கள். சிவகாசிக்காரர் ஒவ்வொரு முறை புகார் செய்யும்போதும் ஒரு சொல்லைச் சேர்த்து, முந்நூற்றுச் சொச்சம் சொற்கள். அந்தப் பெண் பட்டியலைத் தூக்கிவிட்டு நான்கு வரி எழுதியிருந்தார்: 'ள'வுக்கு அடுத்து புள்ளியோ உயிர்க்குறியோ வந்தால் அது ளகரம், இல்லாவிட்டால் ஔகாரம். கூடவே சரிபார்க்க அறுபது சொற்கள்.

அழகான வேலை. உங்கள் 17 திருத்தங்களையும் படித்தேன். பதினொன்று, மாறிகளின் பெயர் பற்றியது. மூன்று, வரிக்கு முன் விடும் இடைவெளி பற்றியது. இரண்டு கேள்விகள். ஒன்றே ஒன்றுதான் உண்மையான பிழை. நன்றி என்ற சொல் எங்கும் இல்லை. முந்நூறு சொற்களை ஒவ்வொன்றாகச் சேர்த்தவருக்கு நான்கு வரியைப் பார்த்ததும் சுருக்கென்று இருந்திருக்கும். அது எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தப் பெண்ணுக்கு அது தெரியாது. அவர் பார்த்தது 24 நாள் மௌனம், அப்புறம் ஒரு குற்றப்பத்திரிகை.

நானும் ஒரு காலத்தில் வாங்கியிருக்கிறேன். முதன்முதலில் நான் ஒரு திட்டத்துக்கு அனுப்பிய திருத்தத்துக்கு நாலு மாதம் கழித்து ஒரு வரி பதில் வந்தது: 'இது ஏற்கெனவே சரிசெய்யப்பட்டுவிட்டது.' சரிசெய்தது என் திருத்தம் போய்ச் சேர்ந்ததற்கு மறுநாள். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் நான் போகவே இல்லை.

பொறுமை இல்லாத தலைமுறை என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் 24 நாள் காத்திருந்தார். இரண்டு நாளுக்குள் ஒரு பதில் போடுங்கள்; 'பார்த்தேன், நன்றி, ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து படிக்கிறேன்' என்றால்கூடப் போதும். படிக்கும்போது பிழையை மட்டும் சொல்லுங்கள். இடைவெளி, மாறிப் பெயர் சமாசாரத்தை எல்லாம் தானாகத் திருத்தும் கருவிகள் இருக்கின்றன, அவற்றிடம் விட்டுவிடுங்கள். முதல் பேட்ச் என்றால் சின்னக் குறைகளோடு சேர்த்துக்கொண்டு, பிறகு நீங்களே சரிசெய்யலாம். ஜீரோஎம்க்யூ என்ற திட்டத்தில் பீட்டர் ஹின்ட்யன்ஸ் ஒரு படி மேலே போய், வந்ததைச் சட்டென்று சேர்த்துக்கொள், தப்பிருந்தால் அடுத்த பேட்சில் திருத்திக்கொள் என்றே வழக்கம் வைத்திருந்தார். தரவு கெட்டுப்போகும் அபாயம் உள்ள இடத்தில் எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. சொல் மாற்றியில் தாராளமாகச் செய்யலாம்.

ஹேக்டோபர்ஃபெஸ்ட் விஷயத்தில் உங்கள் எரிச்சல் நியாயமானதே. டிஜிட்டல்ஓஷன் நிறுவனம் 2014-ல் தொடங்கிய விழா அது. சில பேட்ச் அனுப்பினால் டி-ஷர்ட் என்றார்கள், 2020-ல் குப்பை மலைபோல் குவிந்தது. அந்த அக்டோபரிலேயே விதியை மாற்றி, விருப்பம் தெரிவித்த திட்டங்களுக்கு அனுப்பினால் மட்டும்தான் கணக்கு என்றார்கள். அதாவது, விழாவுக்கான அடையாளத்தை நீங்களே போட்டதால்தான் வந்தார்கள். வாசலில் பந்தல் போட்டுவிட்டு, என்ன பரிமாறுவது என்று யோசிக்கவில்லை. அடுத்த முறை முன்கூட்டியே பத்துச் சின்ன வேலைகளை 'முதல்முறை வருகிறவர்களுக்கு' என்று குறித்துவையுங்கள். ஒவ்வொன்றிலும் எந்தக் கோப்பு, என்ன மாற வேண்டும், எப்படிச் சரிபார்ப்பது என்று நான்கு வரி இருக்கட்டும். அறுபது பேருக்கும் ஒரே வசையை ஒட்டியதில், நிஜமாகவே எழுத்துப்பிழை திருத்திய ஐந்தாறு பேரும் அடி வாங்கியிருக்கிறார்கள். பட்டியலில் எனக்கே தெரிந்தது.

இன்னொன்று, கல்லூரிகளைவிட்டுக் கொஞ்சம் வேறு பக்கம் பாருங்கள். சென்னையில் ஐலக்சி, காஞ்சிபுரத்தில் காஞ்சிலக், விழுப்புரத்தில் விஜிலக் என்று லினக்ஸ் பயனர் குழுக்கள் இருக்கின்றன. கணியம் அறக்கட்டளை இருக்கிறது. தமிழுக்கான கட்டற்ற மென்பொருள் என்றால் காது கொடுக்கிறவர்கள் அங்கே இருப்பார்கள். சிவகாசிக்காரரை 'தொல்லை' பட்டியலிலிருந்து எடுத்து, சோதனைக் கோப்புகளுக்குப் பொறுப்பாளர் ஆக்குங்கள். நிரல் எழுதத் தெரியாதவர்தான். ஆனால் உங்கள் மென்பொருளை அவரைப் போலச் சோதித்தவர் யாரும் இல்லை.

முத்திரைத்தாள் வேண்டாம்

நண்பருடைய யோசனைக்கு வருகிறேன். பதிப்புரிமையை எழுதி வாங்குவது சட்டப்படி முடியும். எழுத்தில் இருந்து, கொடுப்பவர் கையெழுத்துப் போட்டிருந்தால் போதும். ஆனால் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-வது பிரிவில் இரண்டு கண்ணிகள் இருக்கின்றன. எத்தனை வருடத்துக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து வருடம் என்றே கொள்ளப்படும். எந்த எல்லைக்குள் என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்று கொள்ளப்படும். பத்திரக் கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும் வாசகத்தை நம்பி வாங்கினால் ஆறாவது வருடம் கையில் ஒன்றும் இருக்காது. பாலிடெக்னிக் பையனிடம் வாங்கினால் இன்னும் வம்பு. 18 வயது நிரம்பாதவர் போட்ட ஒப்பந்தம் செல்லாது.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். மூன்று எழுத்துப்பிழை திருத்த வந்தவரிடம் பத்திரத்தை நீட்டினால் என்ன நினைப்பார்? 'என் உழைப்பை எழுதி வாங்கி இவர் ஏதோ விற்கப் போகிறார்' என்றுதானே? உங்களுக்கு அந்த எண்ணமே இல்லை. அப்புறம் எதற்கு?

உங்களுக்குத் தேவையானது ஓர் உறுதிமொழி மட்டும்: 'இது நானே எழுதியது அல்லது கொடுக்க எனக்கு உரிமை உள்ளது, இந்தத் திட்டத்தின் உரிமத்திலேயே கொடுக்கிறேன்.' லினக்ஸின் கருவான கெர்னலில் அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். லினக்ஸுக்குள் தன் நிரல் புகுந்திருப்பதாகச் சொல்லிக்கொண்டு எஸ்சிஓ நிறுவனம் 2003-ல் ஐபிஎம் மீது வழக்குப் போட்டது. எந்த வரி யாரிடமிருந்து வந்தது என்று காட்ட வேண்டிய தேவை வந்தது. 2004-ல் 'டெவலப்பர் சர்டிஃபிகேட் ஆஃப் ஆரிஜின்' என்ற ஒரு பக்க உறுதிமொழி பிறந்தது. புரோகிராமர் ஒவ்வொரு கமிட்டின் (பதிவுசெய்யும் மாற்றத்தின்) அடியிலும் 'சைன்ட் ஆஃப் பை' என்று தன் பெயரோடு ஒரு வரி சேர்க்கிறார். கிட் என்ற கருவியின் கமிட் கட்டளையில் 'மைனஸ் எஸ்' போட்டால் தானாக வந்துவிடும். காசு இல்லை, தாள் இல்லை. உங்கள் அளவுக்கு இது தாராளம்.

ஐடி நிறுவனக்காரரின் பயம் மட்டும் நிஜமானது. வேலை ஒப்பந்தத்தின் கீழ், வேலையின் பகுதியாக எழுதியதற்கு வேறு ஏற்பாடு இல்லாவிட்டால் முதலாளியே முதல் உரிமையாளர். 17-வது பிரிவு அப்படிச் சொல்கிறது. வீட்டில், சொந்த மடிக்கணினியில், வேலைக்குச் சம்பந்தமில்லாமல் எழுதியது அதற்குள் தானாக வந்து விழாது. ஆனால் பல நிறுவனங்கள் நியமன ஆணையில் இதைவிட அகலமாக வலை விரித்திருக்கும்: பணிக்காலத்தில் எழுதிய எல்லாமும் எங்களுடையது என்று. அந்த ஆணையை அவர் எடுத்துப் படிக்கட்டும். சந்தேகம் இருந்தால் ஹெச்ஆருக்கு, 'தமிழ் எழுத்துரு மாற்றும் திறமூல மென்பொருளுக்கு ஓய்வு நேரத்தில் பங்களிக்கலாமா' என்று மின்னஞ்சல் போட்டு, பதிலை எழுத்தில் வாங்கட்டும். பதில் வரும்வரை அவர் புகார்களைப் பார்க்கட்டும், பதில் சொல்லட்டும், பேட்ச் மட்டும் காத்திருக்கட்டும். அவருக்காகச் சொல்கிறேன், மாட்டிக்கொண்டால் முதலில் போவது அவர் வேலை.

சாவியை யாரிடம் கொடுப்பது

புனைபெயர்க்காரர் நாலு மாதமாக நல்ல வேலை செய்கிறார், வெளியீட்டு உரிமை கேட்கிறார், நீங்கள் களைத்திருக்கிறீர்கள். கடிதத்தில் எனக்கு வியர்த்த இடம் இதுதான். புனைபெயர் குற்றமில்லை, இந்த உலகில் எத்தனையோ நல்லவர்கள் புனைபெயரில் இருக்கிறார்கள். ஆனால் நடந்த இரண்டு விஷயங்களைச் சொல்கிறேன்.

ஈவன்ட்-ஸ்ட்ரீம் என்ற ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்பை எழுதியவருக்கு அதில் ஆர்வம் போய்விட்டது. முன்பின் தெரியாத ஒருவர் 'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்றார், கொடுத்துவிட்டார். 2018-ல் அதற்குள் பிட்காயின் திருடும் நிரல் இருந்தது தெரியவந்தது. அடுத்தது எக்ஸ்இசட், கோப்புகளைச் சுருக்கும் கருவி. லினக்ஸ் ஓடும் இடமெல்லாம் இருக்கிற அதைக் கவனித்துக்கொண்டது கிட்டத்தட்ட ஒரே ஆள். ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் 2021-லிருந்து பொறுமையாக நல்ல பேட்ச்களை அனுப்பினார். வேறு சில பெயர்களில், 'வேலை நடக்கவில்லை, வேறு ஆளிடம் கொடு' என்று பராமரிப்பாளருக்கு நெருக்கடி வந்தது. உரிமை கைமாறியது. 2024 பிப்ரவரியில் வந்த பதிப்பில் பின்கதவு (திருட்டுத்தனமாக உள்ளே நுழையும் வழி) இருந்தது. ஆண்ட்ரஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர், எஸ்எஸ்எச் (தொலைவிலுள்ள கணினிக்குள் நுழையும் வழி) உள்நுழைவு அரை விநாடி தாமதமாகிறதே என்று தோண்டப் போய், மார்ச் 29 அன்று அதை அம்பலப்படுத்தினார். அரை விநாடியை அவர் பொருட்படுத்தாமல் விட்டிருந்தால் எத்தனை சர்வர்கள் போயிருக்கும் என்று தெரியாது.

உங்கள் மென்பொருள் அவ்வளவு பெரிதல்ல என்று சொல்வீர்கள். அச்சகக் கணினிகளில் ஜிஎஸ்டி கணக்கும் வங்கி பாஸ்வேர்டும் இருக்கின்றன அல்லவா?

அதற்காக யாருக்கும் கொடுக்காமல் பொத்திவைக்கவும் சொல்லவில்லை. நாளைக்கு உங்களுக்கு உடம்பு முடியாமல் போனால் அத்தனை அச்சகமும் நடுத்தெருவில் நிற்கும். படிப்படியாகக் கொடுங்கள். முதலில் புகார்களை வகைப்படுத்தும் உரிமை. ஆறு மாதம் போனதும் மற்றவர் பேட்சைச் சேர்க்கும் உரிமை, ஆனால் இரண்டு பேர் பார்த்தால்தான் எதுவும் சேரும் என்ற பூட்டோடு. கிட்ஹப்பில் அதை அமைக்கலாம். வெளியீட்டுச் சாவி கடைசியில். அதையும் குறைந்தது இரண்டு பேரிடம், அதில் ஒருவராவது நீங்கள் நேரில் பார்த்துப் பழகியவராக இருக்கட்டும். புனைபெயர்க்காரரிடம் இந்தப் படிகளை அப்படியே சொல்லுங்கள். ஒரு வீடியோ அழைப்பில் பேசலாமா என்றும் கேளுங்கள். நல்லவர் என்றால் புரிந்துகொள்வார். 'இப்போதே வேண்டும்' என்று அவசரப்படுத்தினால் அதுவே உங்களுக்குப் பதில்.

காசு

இது சுருக்கமாக. பேட்சுக்கு இத்தனை ரூபாய் என்று ஆரம்பிக்காதீர்கள், சண்டைதான் மிஞ்சும். பழைய பைத்தானிலிருந்து புதியதற்கு மாற்றுவது போல அலுப்பான, எல்லை தெளிவான ஒரு வேலைக்கு ஒருவரைச் சம்பளம் பேசி அமர்த்தினால் தப்பில்லை. பயன்படுத்தும் பதிப்பகங்களிடம் கேட்டுப் பாருங்கள், கொடுப்பார்கள். கூகுள் 2005-லிருந்து நடத்தும் 'சம்மர் ஆஃப் கோட்' புதியவர்களுக்கு உதவித்தொகை தருகிறது. 2022-லிருந்து மாணவர் அல்லாதவர்களும் சேரலாம். ஆனால் தனியாள் ரெப்போவாக நின்றால் இடம் கிடைப்பது கடினம். பெரிய அமைப்பு ஒன்றின் குடைக்குள் போக வேண்டியிருக்கும். வெளிநாட்டிலிருந்து நன்கொடை வாங்குவதாக இருந்தால் எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் குறுக்கே வரலாம். ஆடிட்டரைக் கேட்காமல் ஒரு டாலர்கூட வாங்காதீர்கள்.

கடைசியாக, அந்த மாணவி. அடுத்த வாரம் அதை நீங்களே எழுதி முடித்தீர்கள் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டீர்கள். உங்கள் கமிட்டைத் திறந்து பார்த்தேன். நிரல் வரிகள் உங்களுடையவை, யோசனைக்குப் பதிப்புரிமையும் கிடையாது. ஆனால் சோதனைக்கான அறுபது சொற்களும் அவர் தேர்ந்த வரிசையிலேயே அப்படியே இருக்கின்றன, அவர் பெயர் எங்கும் இல்லை. படைப்பு என்னுடையது என்று உரிமை கோரும் உரிமை படைத்தவருக்கு உண்டு; 57-வது பிரிவு. உரிமையை விற்ற பிறகும் அது போகாது. அவர் வழக்குப் போடப் போவதில்லை. இருந்தாலும் இன்றைக்கே அந்தக் கோப்பில் அவர் பெயரைச் சேருங்கள். பிறகு இப்படி எழுதுங்கள்:

'வணக்கம். உங்கள் நான்கு வரிகள் என் முந்நூறு சொல் பட்டியலைவிட நல்லவை. பதில் தாமதித்ததும், உங்கள் பெயர் போடாமல் சேர்த்ததும் என் தவறு. பெயரைச் சேர்த்துவிட்டேன். "வெளக்கு" என்று பேச்சு வழக்கில் எழுதினால் இன்னும் "வௌக்கு" என்றுதான் வருகிறது. எனக்கு வழி தெரியவில்லை. நேரம் இருந்தால் பார்க்க முடியுமா?'

பதில் வராமலும் போகலாம். பெயர் அங்கேயே இருக்கட்டும்.